திருத்தாமல் விட்ட பாடம்

“அம்மா, உன் இங்கிலீஷைக் கேட்டு டாக்டர் சிரிப்பாரா?” என்று மூச்சிரைப்போடு படுத்திருந்த மகன் ரஷ்ய மொழியில் ஒருமுறை கேட்டான். கலீனாவுக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிற்று. ரஷ்யாவிலிருந்து வந்து தங்கியிருந்த அணுமின் நிலையக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு டீச்சரிடம்தான் அவள் ஆங்கிலம் படித்தாள். சின்னச் சொல் ஒன்று விட்டுப்போனாலும் டீச்சர் நிறுத்தித் திருத்துவார். அன்று, பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியதை அவள் ஆங்கிலத்தில் திணறிச் சொல்லிக் காட்டியபோது, டீச்சர் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

“எத்தனை தப்பு, டீச்சர்?”

“எனக்கு எல்லாம் புரிஞ்சுது, தாயி. இப்படியே போய்ச் சொல்லு. இலக்கணம் எங்கேயும் ஓடிப்போகாது, கிளம்பு.”

டாக்டர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டு மருந்து கொடுத்தார். பையன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

சித்திரையில் மகளின் பேறுகாலத்துக்காக டீச்சர் ஊருக்குப் போனார். அவர் தினமும் சோறு வைக்கும் காக்கைகள், பூட்டிய வீட்டு வேப்பமரத்தில் பசியோடு கரைந்தன. கலீனா ஒரு பிடி சோற்றைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், யாருமில்லை. டீச்சரைப் போலவே, “கா... கா...” என்று கூச்சத்தோடு அழைத்தாள். முதலில் ஒரு காக்கை தயங்கி இறங்கியது.