சேராத பல்

“டேப்பைக் கத்திரியில வெட்டுன்னு எத்தினி வாட்டி சொல்றது? இது இன்னா, பல்லால கடிச்சு வச்சிருக்கே?”

சூப்பர்வைசர் ஜெபகுமார் கார் வயர்க் கட்டு ஒன்றை மேஜைமேல் போட்டார். கறுப்பு டேப்பின் முனையில் பல் பதிந்திருந்தது. கார் கம்பெனி திருப்பி அனுப்பிய சரக்கு. காலையிலிருந்து மேலிடத்துப் போன் ஓயவில்லை. மனிதரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

“உன் டேபிள் சரக்குதானே? கார்டைக் குட்துட்டுக் கெளம்பு.”

அன்னக்கிளி போன வாரம்தான் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் கலங்க, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றப் போனாள்.

“அவளால கடிக்கவே முடியாது சார்” என்று குறுக்கே வந்தாள் லைன் லீடர் செல்வலட்சுமி. “எங்க ஊருக்காரி. மூணாங்கிளாஸ் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. விரல் சூப்பிச் சூப்பி, இவளுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்னால சேரவே சேராது. நடுவுல விரல் போற அளவு சந்து. முறுக்கைக்கூடக் கடவாயிலதான் கடிப்பா.”

“மாஸ்க்கைக் கழட்டச் சொல்லு, பாத்துடறேன்.”

“இத்தன பேரு முன்னால ஒரு பொம்பளப் பிள்ளைய வாயத் தொறக்கச் சொல்லுவீகளா? நான் சொல்றது பொய்னா என்னையும் சேத்து அனுப்புங்க.”

ஜெபகுமார் தலையைச் சொறிந்தார். போன் மறுபடியும் அடித்தது.

“அப்போ நைட் ஷிப்ட் மாரிசெல்வம்தான். அவனும் இதே டேபிள்தான்.”

பிள்ளைப்பாக்கம் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் போனில் எழுப்பினார். “சார், நான் கத்திரியிலதான்…” என்று அவன் முடிப்பதற்குள், “நாளைக்கு வராதே” என்று வைத்துவிட்டார்.

செல்வலட்சுமிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்புச் செய்தவன்தானே அனுபவிக்க வேண்டும்? சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து சீட்டில் அன்னக்கிளி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். செல்வலட்சுமி பையிலிருந்து ஊர்க் கடலைமிட்டாயை எடுத்து நீட்டினாள்.

“இந்தா பிள்ள. பாத்து, கடவாயில வச்சுக் கடி.”

அன்னக்கிளி மாஸ்க்கை இறக்கினாள். முன்பல்லாலேயே ‘மடக்’கென்று இரண்டாகக் கடித்தாள்.

“நாலாங்கிளாஸ்லயே மாமா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி கம்பி போட்டுவிட்டாக. சேந்த பல்லு இத்தன வருசமாச்சு, நூலளவுகூட நகரல” என்றாள், செல்வலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல்.