படத்தில் இருந்த வண்டிப்பாதை

"நல்லா பாருங்க சார்! எங்கப்பா வாலிபத்துல சர்க்கார் அளந்து வரைஞ்ச படம். மேடு பள்ளம் ஒண்ணு விடாம இருக்கு. வயல் நடுவுல வண்டிப்பாதை போகுதா, இல்லையா?" அண்ணன் சர்வேயரின் மேஜையை ஓங்கித் தட்டினார். "அதுக்குக் குறுக்கே கரை போட்டிருக்கான் என் தம்பி. கூடப் பிறந்தவன் செய்யற வேலையா இது?"

"அண்ணே, நான் சொல்றதை..." என்று பக்கத்தில் நின்ற தம்பி குறுக்கிட்டான்.

"நீ வாயைத் திறக்காதே!"

படத்தைப் பார்த்து சர்வேயர் தலையாட்ட, மறுநாளே அண்ணனின் ஆட்கள் கரையை இடித்துத் தள்ளினார்கள்.

அந்த வாரம் மழை கொட்டியது. அந்தப் பாதை வழியே வெள்ளம் வந்து, அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

"பாதையில எப்படிடா வெள்ளம் வரும்?" என்று கத்தினார்.

"அது பாதையே இல்ல, ஓடை! படம் வரைஞ்ச வருஷம் மழையில்லாம காஞ்சு கிடந்துச்சு. அப்பாவெல்லாம் அதுல வண்டி ஓட்டினாங்க. அளக்க வந்தவங்க பாதைன்னு வரைஞ்சுட்டுப் போயிட்டாங்க" என்று சீறினான் தம்பி. "என் வீடு மேட்டுல இருக்கு. கரையை யாருக்காகப் போட்டேன்னு நினைச்சீங்க?"