நாலு விரல்

“குதிகாலை எறக்குங்க, தோன்யா. நீங்க போட்ட சட்டம்தான்.”

அளவுகோலைப் பிடித்திருந்த தோமாசா, ‘தோன்யா’ என்று மரியாதையாக விளித்தே இவ்வாறு சொன்னதும், வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

குதிகாலை இறக்கினேன்.

எங்கள் அன்டிகுவா நகரில், புனித வாரப் பவனியில், வியாகுல மாதாவின் சப்பரத்தைப் பெண்களே சுமக்கிறோம். தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒத்த உயரத்தினரைக் குழுக்களாக்கி, தெருவுக்கு ஒரு குழு என மாற்றுவோம். உயரம் குறைந்தவளின் தோளைச் சப்பரம் தொடாது. அவள் பாரமின்றி வெறுமனே நடப்பாள். தோளில் துணி வைத்தோ குதிகாலைத் தூக்கியோ உயர்த்துவது கூடாது. அந்த விதியை எழுதியவள் நான். அளவுகோல் தோமாசாவின் கைக்குப் போகும்வரை, முப்பது தவக்காலங்கள் இந்த முற்றத்தில் தோள்களை அளந்தவளும் நானே.

ஏட்டில் ஒருமுறை எழுதிய அளவு எழுபது வயதுவரை மாறாது; எழுபதில் மறுபடி அளக்க வேண்டும். எனக்கு எழுபது ஆகிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மகன் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காக, சாகும்வரை மாதாவைச் சுமப்பதாய் நேர்ந்துகொண்டு தோமாசா வந்தாள். அவள் தோளும் என் தோளும் ஒரே உயரம். சந்தையில் வாழையிலை விற்பவள் என் பக்கத்தில் நிற்பதா?

நாலு விரல் கூட்டி எழுதி, நெட்டைப் பெண்களின் குழுவுக்கு அவளை அனுப்பினேன்.

அந்தக் குழு சுமந்து வந்த தெருவில் நான் ஒருமுறைகூட நின்றதில்லை.

இவ்வாண்டு திருநீற்றுப் புதனன்று முழந்தாளிட்டு அதை அறிக்கையிட்டேன். பாதிரியார் பாவமன்னிப்பு அளித்தார். அவளிடம் சொல்லும்படி அவர் பணிக்கவில்லை. ஆயினும், மன்னிக்கப்பட்டவளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

“தோமாசா, உன் தோளை நாலு விரல் கூட்டி எழுதினேன். தெரிஞ்சேதான் எழுதினேன்” என்றேன், வரிசை முழுவதும் கேட்கும்படி.

சிரிப்பு நின்றது.

அவள் என் தோளை அளந்தாள். முதுமை என்னை நாலு விரல் குறைத்திருந்தது.

ஏட்டில் தன் பெயருக்கு நேரே இருந்த அளவை அடித்துவிட்டு, தன் சரியான அளவை எழுதினாள். அது என் பழைய அளவு. அதனருகிலேயே என் பெயரையும் எழுதினாள்.

“அங்க எனக்குத் தோள் எட்டாதே” என்றேன்.

அவள் தன் சால்வையை எடுத்து நான்காக மடித்தாள். மடித்தாள் என்பதுகூடப் பிழை. அது தன் பழைய தடங்களில் தானே மடிந்தது. அத்தடங்களில் நூல் நைந்திருந்தது.

அதை என் தோளில் வைத்தாள்.

“நாலு விரலுக்குச் சரியா இருக்கும், தோன்யா. பன்னெண்டு வருசமா எனக்கு இருந்துச்சே.”

விதியை எழுதிய நான், வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, அதை எடுக்காமல் நிமிர்ந்து நின்றேன்.