முத்து முத்தான எழுத்து

வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து மூளைக்குப் போகும் கம்பிகளில் எவ்வளவு மின்சாரம் பாய வேண்டும் என்பதை, எங்கோ இருக்கும் டாக்டர், இங்கே மேசைமேல் நிற்கும் டேப்லெட் வழியாகவே மாற்றிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெயில் பட்டுத் திரையில் டாக்டரின் பாதி முகம்தான் தெரிகிறது. அந்தப் பாதியும் வேறெங்கோ பார்க்கிறது. “இன்னும் கொஞ்சம் ஏத்துறேன்.” எட்டு வருஷமாக நடுக்குவாதத்தில் ஆடிய வலது கை, பெட்டிப்பாம்பாய் அடங்கி மடியில் கிடக்கிறது. எதிரே இருக்கும் மகன், குரங்கு வித்தை பார்க்கிறவன் போலக் கைதட்டுகிறான். “எப்படிப்பா இருக்கு?” நாக்கு மரத்துப்போவது தெரிந்து, குறைக்கச் சொல்லத்தான் வக்கீல் வாயைத் திறக்கிறார். நீதிபதிகளையே நெளிய வைத்த நாக்கு ஈரத்துணியாய்ப் புரள, கொழகொழவென்று ஏதோ ஒரு சத்தம் வருகிறது. “சூப்பரா இருக்காம் டாக்டர்!” கட்சிக்காரன் சொல்வதைக் காதில் வாங்காமல் வாதாடும் இந்த மடையனை, அவர் தன் ஆபீஸில் கேஸ் கட்டுத் தூக்கக்கூட வைத்திருக்க மாட்டார். பேனாவை எடுக்கிறார். கை துளியும் நடுங்காமல் எழுதுகிறது: ‘கை ஆடினால் ஆடட்டும். பேச்சு போய்விட்டது. உடனே குறையுங்கள்.’ மகன் தாளைப் பிடுங்கி, தலைகீழாகவே திரைக்கு நேரே நீட்டுகிறான். “எழுத்தைப் பாருங்க டாக்டர், முத்து முத்தா இருக்கு!” “அருமை,” என்கிறது பாதி முகம். “அப்ப இதே அளவுலயே வெச்சுடலாம்.”