வடக்குத் திட்டுக்காரன்

கண்ணாடித் தொட்டிக்குள் பாறைப் பாசியை மேய்ந்துகொண்டிருந்த மஞ்சள் மீனுக்கு ஒரே ஏக்கம்தான். "எங்க வடக்குத் திட்டுக் கடல் ஆள் ஒருத்தன் வந்தா போதும். ஊர்க்கதை பேசியே காலத்தை ஓட்டிருவேன்" என்று, பக்கத்தில் அதே பாசியைத் தின்னும் புள்ளி மீனிடம் தினமும் சொல்லும்.

ஒரு நாள் தொட்டிக்காரர் இன்னொரு மஞ்சள் மீனை வாங்கி வந்து தொட்டிக்குள் விட்டார். அதே நிறம், அதே மூஞ்சி.

"அண்ணே, நீங்களும் வடக்குத் திட்டா?" என்று ஆசையாய்க் கேட்ட புது மீன், வந்த களைப்பில் பாசியில் ஒரு வாய் வைத்தது.

"யாரைக் கேட்டு என் பாறையில வாய் வச்ச?" மஞ்சள் மீன் வால்முள்ளை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

சாயங்காலத்துக்குள் புது மீனின் துடுப்பு கிழிந்துவிட்டது. தொட்டிக்காரர் அதை வலையில் அள்ளிக்கொண்டு போனார்.

"நானுந்தான் இங்க தினமும் தின்னுறேன்" என்றது புள்ளி மீன்.

"நீ எங்க ஆள் இல்லையேப்பா."

அதன் பிறகு மஞ்சள் மீன் வலை மேலேறிய மூலையை விட்டு நகரவில்லை. "வடக்குத் திட்டான்னுதானே கேட்டான்?" என்று மட்டும் அவ்வப்போது கேட்கும்.

புள்ளி மீன் மட்டும் தின்று தீராமல், பாறையெங்கும் பாசி மண்டியது.