டக்

குழந்தையின் கையை எப்படி இழுத்தீர்கள் என்று அதிகாரியம்மா ஆங்கிலத்தில் கேட்டார். அகராதி அதைத் தமிழில் அந்தத் தாயிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வியர்த்துப் போனார்.

அகராதி என்பது வீட்டில் வைத்த பெயர். குழந்தைகள் நல அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் வந்தால், இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்வது அவர் வேலை. வீட்டில் அகராதி என்று மட்டும் கூப்பிடுவார்கள். ‘பிடித்தவர்’ என்பதை மரியாதைக்காக விழுங்கிவிடுவார்கள்.

இன்றைக்கு வந்தவள் தமிழ் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தாள். கேட்டால் கொடுப்பது அலுவலக வழக்கம்.

மகளுக்கு நாலு வயது. முழங்கை பிசகி, டாக்டர் அதைச் சரிசெய்து, கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார். அறை மூலையில் பொம்மைக் கூடையைக் கவிழ்க்க அதற்கு மிச்சமிருந்த ஒரு கையே தாராளமாகப் போதுமாக இருந்தது.

தெருவோரம் நின்ற லாரி திடீரென்று பின்னால் வந்ததாம். தாய் பிள்ளையை இழுத்தாளாம். லாரிக்காரன் ஒன்றும் தெரியாமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். எதிர்க்கடைக்காரர் லாரியைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்திருக்கிறார்.

அவர் சொன்ன ஆங்கிலச் சொல் ‘யாங்க்’, முரட்டு இழுப்பு. அது அதிகாரியம்மாவின் கம்ப்யூட்டரில் காலையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

தாயும் அதையே சொன்னால் பிள்ளை இன்று வேறு யார் வீட்டிலோதான் தூங்கும். அதிகாரியம்மா இதை மூடி மறைக்கவில்லை, ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அகராதி வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் முகம் செத்துப் போனது. பெற்றவளுக்குக் குரலே போதும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவருடைய கவலை வேறு. வெளியே காத்திருந்தபோது, அவர் கேட்காமலேயே, வெடுக்கென்று இழுத்துவிட்டேன் என்று அவள் சொல்லி அழுதிருந்தாள்.

தமிழில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இழுப்பது ஒன்றுதான். முன்னால் வெடுக், சடக், விருட் என்று ஒரு சத்தத்தை ஒட்டிவிட்டால் ஆயிற்று. ஆங்கிலக்காரர்கள் அவசரம், பலம், ஆத்திரம் எல்லாவற்றையும் வினைச்சொல்லுக்குள்ளேயே திணித்து வைத்திருக்கிறார்கள்.

‘புல்’ என்றால் வெறும் இழுப்பு. எப்படிப்பட்ட புல் என்று அதிகாரியம்மா விடாமல் கேட்பார். ‘ஸ்னாட்ச்’ என்றால் திருட்டு வாடை அடிக்கும். ‘ஜெர்க்’ வினைக்கு வினை, வசைக்கு வசை. ‘ரென்ச்’ என்றால் கையைத் திருகியதாகிவிடும், பிறகு கடவுளே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

வெடுக்கென்பதற்குச் சரியான சொல் எது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லச் சொன்னால், யாங்க்தான்.

கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வலது கையைத் தூக்கி உறுதி கூறிவிட்டுத்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கை இப்போது கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன வேலை.

தாய் மூலைப் பக்கம் பார்த்தாள். பிள்ளை ஒரு சிவப்புப் படகின் வாலில் பெரிய கப்பலைக் கோத்து, தரையோடு இழுத்துக்கொண்டிருந்தது.

“டக்குன்னு இழுத்தேங்க” என்றாள், நேராக அதிகாரியம்மாவைப் பார்த்து.

அகராதி வாயெடுப்பதற்குள் அதிகாரியம்மாவின் முகம் மலர்ந்தது. தமிழர்கள் பேச்சுக்கு நடுவே ஆங்கிலச் சொல்லைப் போடுவது அவருக்குத் தெரியும். டாக்டர், ரோடு, லாரி எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருந்தன. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் ‘டக்’ சாதுவான சொல். என்னைக் கவனி என்று குழந்தை அம்மாவின் உடையைப் பிடித்து இழுப்பது டக். துறைமுகத்தில் சின்னப் படகு பெரிய கப்பலை அலுங்காமல் இழுத்து வருவதும் டக்.

டக்தானே என்று அதிகாரியம்மா அகராதியிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

அவள் சொன்னது டக் என்பதில் சந்தேகமில்லை. அது இந்த டக் இல்லை என்பதிலும் சந்தேகமில்லை. அகராதி தலையை ஆட்டினார். ஆமாம், இல்லை இரண்டுக்கும் பொதுவாக நம்மவர்கள் ஆட்டுவோமே, அந்த ஆட்டல்.

அதிகாரியம்மா அதை ஆமாமாக எடுத்துக்கொண்டு தட்டச்சு செய்தார். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், கையை மட்டும் அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

வாசலில் தாய் குனிந்து பிள்ளைக்குச் செருப்பு மாட்டினாள்.

பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அகராதிக்கு நாக்கு அரித்தது. ஒரு சத்தம் அவளை எப்படிக் காப்பாற்றியது, ஆங்கிலத்தில் டக் என்றால் என்ன, யாங்க் என்றால் என்ன, உள்ளே எப்பேர்ப்பட்ட கண்டம் தப்பியது என்று படகு, கப்பல் சகிதம் விளக்கினார். உன் அதிர்ஷ்டம் அம்மா என்று முடித்தார்.

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, பிள்ளையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்ணா. நானே இங்கிலீஷ்ல ‘டக்’னு சொன்னா அது பொய். தமிழ்ல சொன்னா நெசந்தானே? அதுக்குத்தான் உங்களைக் கேட்டு வாங்கினேன்.”

அகராதி தலையை ஆட்டினார்.