எல்லாத்துக்கும் ஒரே பின்

ஸ்ரீவராகம் தெருவுக்குப் பெண் பார்க்க வந்த ஆனந்தகிருஷ்ணன் பஜ்ஜியைத் தொடவே இல்லை. பெண் பத்மப்ரியாவுக்கோ பார்த்தவுடனே அவனைப் பிடித்துவிட்டது. இவனும் வேண்டாமென்று போய்விடுவானோ?

"சார்ஜர் உண்டோ? வழியிலேயே போன் செத்துப்போச்சு," என்றான்.

"என்னோடது சேருமோ என்னவோ."

"இப்போ எல்லாத்துக்கும் ஒரே பின்தானே!"

அவள் செருகிய சற்று நேரத்தில் போன் அலறியது. வயர் எட்டாததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்பிள்ளை, எங்கே இருக்கேள்? பதினெட்டாம் நம்பராத்திலே பொண்ணு ஒரு மணி நேரமா காத்துண்டிருக்கா!"

பத்மப்ரியாவின் அப்பா காப்பித் தட்டோடு சிலையானார். "இது பதினேழாச்சே!"

அதற்குள் வாசலில் பழத்தட்டும் பூவுமாக இன்னொரு கூட்டம். "பொண்ணு பார்க்க வந்திருக்கோம். பதினேழாம் நம்பர் ஆம் இதுதானே?"

ஆனந்தகிருஷ்ணன் பத்மப்ரியாவை ஒருமுறை பார்த்தான். போனை அணைத்தான்.

"இல்லை, எதிராத்துக்குப் போங்கோ. அங்கேதான் காத்துண்டிருக்கா," என்றான், முதல் பஜ்ஜியை எடுத்தபடி.